மழையறியா மண்டலம்
அன்டோபகாஸ்டாவின் நிலமும் மக்களும்

தமிழ்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர். 2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கின்படி அதில் வாழ்ந்தோர் 7 கோடியே 21 லட்சம் பேர். ஏறக்குறைய அதே அளவு பரப்புடைய நிலப்பகுதி ஒன்று தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், சிலி நாட்டின் வடபுறத்தில் இருக்கிறது. அதன் பெயர் அன்டோபகாஸ்டா மண்டலம். பரப்பு 1,26,049 சதுர கிலோமீட்டர். 2017-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கு இருந்த மக்கள் 6,07,534 பேர். தமிழ்நாட்டில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஐந்நூற்றைம்பது பேருக்கு மேல் வாழ, அங்கே ஐந்து பேர்கூட இல்லை.

இவ்வளவு பெரிய நிலத்தில் ஏன் இவ்வளவு சிலர் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்நிலத்தின் இயல்பை அறிந்தவர்கள் கேள்வியை மாற்றிக் கேட்பார்கள். விதைத்தால் முளைக்காத, தோண்டினால் நல்ல நீர் அரிதாகவே கிடைக்கிற அந்த மண்ணில், ஆறு லட்சம் மக்கள் எப்படி வாழ்கிறார்கள்? எதை நம்பி வந்தார்கள்? எதுவரை தங்குவார்கள்? பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரைவிட்டு வந்து வேற்று மாநிலங்களில் குடித்தனம் நடத்துகிற நமக்கு இக்கேள்விகள் அந்நியமானவை அல்ல. ஆதலால் அந்தத் தொலைதூர மண்டலத்தின் பூகோளத்தையும் மக்கள் நிலையையும் இவ்விதழில் சிறிது ஆராய்வோம்.

நிலத்தின் அமைப்பு

சிலி நாடு பதினாறு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அவற்றுள் பரப்பில் இரண்டாவது அன்டோபகாஸ்டா. அதற்கு வடக்கே தாராபகா மண்டலமும், தெற்கே அட்டகாமா மண்டலமும், கிழக்கே பொலிவியா, அர்ஜென்டினா ஆகிய நாடுகளும், மேற்கே பசிபிக் மாகடலும் எல்லைகளாம். மகரரேகை அன்டோபகாஸ்டா நகருக்குச் சற்று வடக்கே கடந்து செல்கிறது. நம் நாட்டுக் கட்ச், போபால், ராஞ்சி வழியாகச் செல்லும் கடகரேகைக்குத் தெற்கு அரைக்கோளத்தில் ஒத்த ரேகை அது. மண்டலத்துக்குள் அன்டோபகாஸ்டா, எல் லோவா, தோகோபில்லா என மூன்று மாவட்டங்களும், அவற்றுள் ஒன்பது வட்டங்களும் உள்ளன.

கடற்கரையிலிருந்து கிழக்கு நோக்கிப் பயணம் செய்வோர் நிலம் படிப்படியாக உயர்வதைக் காண்பர். முதலில் ஒடுங்கிய கரை. அதன் முதுகிலேயே செங்குத்தாக எழும் கரையோர மலைத்தொடர். அதைத் தாண்டினால் பரந்த உயர்சமவெளி. அம்மக்கள் அதனைப் பம்பா என்பர். அதற்கும் அப்பால் டொமெய்கோ மலைகள். பிறகு உப்புப் படிந்த பெரும் பள்ளமாகிய அட்டகாமா உப்பளம். இறுதியில் எரிமலைகள் வரிசையாக நிற்கும் ஆண்டிஸ் பெருமலை. இம்மலையில் எல்லையோரமாக நிற்கும் யூயாயாகோ என்னும் எரிமலை 6,739 மீட்டர் உயரமுள்ளது. எல் தாத்தியோ என்னுமிடத்தில், 4,300 மீட்டர் உயரத்தில், பூமிக்குள்ளிருந்து வெந்நீர் ஊற்றுகள் பீறிட்டெழுகின்றன. விடியற்காலைக் குளிரில் அவற்றின் ஆவி வெண்தூண்களாக நிற்கும்.

மழை ஏன் இல்லை? மூன்று காரணங்கள் ஒன்றுகூடியிருக்கின்றன. கரையோரமாகத் தெற்கிலிருந்து ஓடிவரும் ஹம்போல்ட் என்ற குளிர்ந்த நீரோட்டம் கடற்காற்றைக் குளிரச் செய்து, மேகம் உயர்ந்து மழையாகாதபடி தடுக்கிறது. அமேசான் பக்கத்திலிருந்து வரும் ஈரத்தை ஆண்டிஸ் மலை மறித்து நிற்கிறது. மாகடலின்மேல் நிலையாகத் தங்கியிருக்கும் உயர்ந்த காற்றழுத்தம் மழைப் புயல்களை அண்ட விடுவதில்லை. ஆகவே கடற்கரையில் காலையில் கமஞ்சாகா எனப்படும் அடர்ந்த மூடுபனி தவழுமேயன்றி மழை பெய்வதில்லை. சென்னையில் ஓராண்டில் 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அன்டோபகாஸ்டா நகரில் சராசரியாக ஓராண்டுக்குச் சில மில்லிமீட்டரே பெய்கிறது. லோவா ஆற்றங்கரையிலுள்ள கில்லாகுவா என்னும் சிற்றூர் உலகிலேயே மிக வறண்ட இடங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

மழைக்குப் பழகாத நிலத்தில் மழை வந்துவிட்டால் அதுவே ஆபத்தாகிறது. 1991-ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று இரவு அன்டோபகாஸ்டா நகரில் சில மணி நேரம் மழை கொட்டியது. மலைச்சரிவுகளில் புல்லும் இல்லை, மரமும் இல்லை. தளர்ந்த மண்ணெல்லாம் சேறாகி ஓடைப் பள்ளங்களின் வழியே நகருக்குள் இறங்கிற்று. தொண்ணூறு பேருக்கு மேல் உயிரிழந்தனர். அதன் பின்னரே ஓடைகளின் குறுக்கே சேற்றைத் தடுக்கும் அணைகள் கட்டப்பட்டன.

மண்டலம் முழுவதிலும் ஆண்டு முழுதும் ஓடிக் கடல் சேரும் ஆறு லோவா ஒன்றே. மலையில் பிறந்து தெற்கே இறங்கி, மேற்கே திரும்பி, பிறகு வடக்கே வளைந்து, மீண்டும் மேற்கே சென்று கடலில் விழுகிறது. 440 கிலோமீட்டர் நீளமுள்ள இதுவே சிலி நாட்டின் மிக நீண்ட ஆறு. நீளம் பெரிதே ஒழிய, நீர் ஒரு நடுத்தர வாய்க்காலின் அளவுதான்.

ஆதிக்குடிகள்

இந்நிலத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர் வாழ்ந்து வருகின்றனர். மலையடிவாரத்துச் சோலையூர்களில் லிகனந்தாய் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் அட்டகாமா மக்கள், மலையிலிருந்து வழியும் சிற்றோடைகளைக் கால்வாய்களில் திருப்பி, படிக்கட்டு வயல்களில் சோளமும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு, லாமாக்களை மேய்த்து வந்தனர். அவர்களுடைய குன்சா மொழி வழக்கொழிந்துவிட்டது. ஆனால் ஊர்ப் பெயர்களிலும், கால்வாயைத் தூர் வாரும் காலத்துச் சடங்குகளிலும் அதன் சொற்கள் எஞ்சியிருக்கின்றன. கடற்கரையில் வாழ்ந்த சாங்கோ மக்கள் கடற்சிங்கத்தின் தோலைக் காற்றடைத்துத் தைத்து, அதனையே தெப்பமாக்கி மீன் பிடித்தவர்கள். அம்மரபு அழிந்துபோயிற்று என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. வழித்தோன்றல்கள் விடாமல் முயன்றதன் பயனாக 2020-ஆம் ஆண்டில் சிலி நாட்டுச் சட்டம் சாங்கோ மக்களையும் ஆதிக்குடிகளுள் ஒருவராக ஏற்றுக்கொண்டது.

இவ்விரு மக்களும் நிலம் எவ்வளவு நீரைத் தந்ததோ அவ்வளவு தொகையினராகவே வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அந்தக் கணக்கு மாறிற்று.

வெடியுப்புக் காலம்

நம்மில் பள்ளியில் இரசாயனம் பயின்றவர்களுக்குச் ‘சிலி வெடியுப்பு’ என்ற பெயர் நினைவிருக்கலாம். சோடியம் நைட்ரேட்டுக்கு நம் பாடநூல்கள் வழங்கிய பெயர் அது. அந்த வெடியுப்பு கிடைத்த நிலங்களுள் ஒன்றே இம்மண்டலம். நீரில் எளிதில் கரையும் அவ்வுப்பு, மழை பெய்யும் நாடாயிருந்தால் என்றோ கரைந்து போயிருக்கும். மழையின்மையே அதனைக் காத்து வைத்தது. பயிருக்கு உரமாகவும், வெடிமருந்துக்கு மூலப்பொருளாகவும் ஐரோப்பிய நாடுகள் அதனைப் போட்டி போட்டுக்கொண்டு வாங்கின.

அக்காலத்தில் இக்கடற்கரை பொலிவியாவுக்கு உரியதாயிருந்தது. 1866-ஆம் ஆண்டில் இங்கே வெடியுப்பு கண்டுபிடிக்கப்பட்டது. 1868-ஆம் ஆண்டு அக்டோபர் 22 அன்று அன்டோபகாஸ்டா பொலிவிய நகரமாக நிறுவப்பட்டது. ஆனால் வேலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சிலி நாட்டார். கொடி ஒரு நாட்டுடையது, குடிமக்கள் மற்றொரு நாட்டினர் என்ற நிலை உண்டாயிற்று. 1878-ஆம் ஆண்டில் பொலிவியா ஒவ்வொரு குவிண்டால் வெடியுப்புக்கும் பத்து சென்டாவோ வரி விதித்தது. முந்தைய உடன்படிக்கைக்கு அது முரணானது என்று சிலி வாதித்தது. 1879-ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று சிலிப் படைகள் நகரில் இறங்கின. பசிபிக் போர் என்று வரலாற்றில் வழங்கும் அப்போர் பெருவையும் இழுத்துக்கொண்டு 1884 வரை நீடித்தது. முடிவில் பொலிவியா தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. 1904-ஆம் ஆண்டு உடன்படிக்கை அந்த இழப்பை உறுதி செய்தது. கடலுக்கு வழி வேண்டும் என்ற பொலிவியாவின் கோரிக்கை மட்டும் ஓயவில்லை. அதுபற்றிப் பேச்சு நடத்தும் கடமை சிலிக்கு இல்லை என்று 2018-ஆம் ஆண்டில் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் பொலிவியர் ஆண்டுதோறும் மார்ச் 23 அன்று கடல் நாள் கொண்டாடி வருகின்றனர். கலாமா நகரருகே 1879-இல் நடந்த போரில் மடிந்த எதுவார்தோ அபரோவாவின் நினைவு நாள் அது.

போருக்குப் பின் பம்பா முழுதும் வெடியுப்பு ஆலைகள் முளைத்தன. ஒவ்வோர் ஆலையும் ஓர் ஊர். வீடும் கடையும் பள்ளியும் நாடக அரங்கும் கம்பெனிக்கே சொந்தம். கூலி பல காலம் நாணயமாகத் தரப்படவில்லை. கம்பெனி அச்சிட்ட வில்லைகளாகத் தரப்பட்டது. அந்த வில்லை அந்தக் கம்பெனியின் கடையில் மட்டுமே செல்லும். அரிசி விலையும் அவர்கள் கையில், கூலியும் அவர்கள் கையில் என்றால் தொழிலாளியின் கையில் என்ன மிஞ்சும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1906-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அன்டோபகாஸ்டா இரயில்வேத் தொழிலாளர்கள் மதிய உணவு இடைவேளையைச் சற்று நீட்டித் தருமாறு வேலை நிறுத்தம் செய்தனர். நகரின் நடுச் சதுக்கத்தில் கூடிய அவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டுப் பலர் மாண்டனர். சிலி நாட்டுத் தொழிலாளர் இயக்கம் இப்பாலையில் வேரூன்றியது வியப்பன்று. கவிஞர் பாப்லோ நெரூடா 1945-ஆம் ஆண்டில் செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது தாராபகா, அன்டோபகாஸ்டா மாகாணங்களின் பிரதிநிதியாகத்தான்.

வெளிநாட்டாரும் வந்தனர். ஆங்கிலேயர் இரயில் பாதையுடன் வந்தனர். அட்ரியாட்டிக் கடல் தீவுகளிலிருந்து குரோஷியர் வந்தனர். ஸ்பானியரும் சீனரும் வந்து கடை வைத்தனர். ஒவ்வொரு சமூகத்தாரும் தமக்கெனச் சங்கம் கண்டனர். சிலி நாட்டில் தீயணைப்புப் படைகள் தொண்டர்களால் நடத்தப்படுபவை. குடியேறிய சமூகத்தார் பலர் நாட்டின் பல நகரங்களில் தத்தம் பெயரால் ஒரு படை அமைத்து, தாம் பிழைக்க வந்த ஊருக்குத் தொண்டு செய்தார்கள். சங்கம் நடத்துவோர் அனைவரும் எண்ணிப் பார்க்கத் தக்க வழக்கம் இது.

ஊர்கள் ஒழிந்த விதம்

ஜெர்மானிய விஞ்ஞானிகளான ஹாபரும் போஷும் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்தே உரம் செய்யும் வழியைக் கண்டனர். 1913-ஆம் ஆண்டில் அம்முறையில் ஆலை இயங்கத் தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பின் அம்முறை உலகெங்கும் பரவியது. 1930-ஐ ஒட்டி வந்த பொருளாதார வீழ்ச்சி வெடியுப்புத் தொழிலின் முதுகெலும்பை முறித்தது. ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நடந்த காரியத்தால் சிலிப் பாலைவனத்தில் ஊர் ஊராக அடுப்பு அணைந்தது.

சகாபுகோ என்ற ஊர் 1924-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் நாடக அரங்கு நகரத்து அரங்குகளுக்கு ஈடாகக் கட்டப்பட்டது. 1930-களின் முடிவோடு ஆலை நின்றது. மக்கள் அகன்றனர். 1973-ஆம் ஆண்டில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது, அந்தப் பாழூரின் வரிசை வீடுகள் அரசியல் கைதிகளை அடைக்கும் முகாமாயின. பெத்ரோ தெ வல்திவியா என்ற மற்றோர் ஊர் 1931 முதல் 1996 வரை வாழ்ந்தது. 1926-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மரியா எலேனா ஒன்றே பழைய வெடியுப்பு ஊர்களுள் இன்றும் குடியிருப்போடு விளங்குகிறது.

பாழான ஊர்களுக்கு அருகே இடுகாடுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. நவம்பர் மாதத் தொடக்கத்தில் இறந்தோரை நினைக்கும் திருநாளில், அங்கே பிறந்தவர்களும் அவர்தம் மக்களும் நகரங்களிலிருந்து வந்து சிலுவைகளைத் துடைத்து மலர் மாலை சாத்துகிறார்கள். பாலையின் வெயிலில் உயிருள்ள பூ நிமிடத்தில் கருகுமாதலால், காகிதத்தாலும் தகரத்தாலும் செய்த மாலைகளைச் சாத்துவது பழைய வழக்கம்.

தாமிரக் காலம்

வெடியுப்பு தாழ்ந்தபோது மண்டலத்தைத் தாங்கியது தாமிரம். கலாமாவுக்கு அருகே சூகிகமாட்டா சுரங்கம் 1915-ஆம் ஆண்டில் பெரிய அளவில் தொடங்கியது. வானம் பார்க்கத் தோண்டிய அப்பள்ளம் நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளமும், மூன்று கிலோமீட்டர் அகலமும், ஒரு கிலோமீட்டரை நெருங்கும் ஆழமும் உடையதாயிற்று. 2019-ஆம் ஆண்டு முதல் அதன் அடியில் நிலத்தடிச் சுரங்கம் வேலை செய்கிறது. முதலில் அமெரிக்கக் கம்பெனிக்குரியதாயிருந்த சுரங்கத்தை 1971-ஆம் ஆண்டில் சிலி அரசு நாட்டுடைமை ஆக்கியது. 1990-ஆம் ஆண்டில் எஸ்கொந்திதா சுரங்கம் திறக்கப்பட்டது. இன்று உலகில் மிகுதியான தாமிரம் தரும் சுரங்கம் அதுவே. உலகில் முதன்மையான தாமிர நாடு சிலி. அத்தாமிரத்தில் ஏறக்குறையப் பாதி இந்த ஒரு மண்டலத்தினின்று வருகிறது. இந்தியா சிலியிலிருந்து வாங்கும் பொருள்களுள் தாமிரத் தாதுவே தலையாயது. எனவே நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்கம்பியில் அந்தப் பாலையின் பங்கும் சிறிது இருக்கக்கூடும். அட்டகாமா உப்பளத்தின் அடியிலுள்ள உப்புநீரை இறைத்து வெயிலில் உலர்த்தி எடுக்கும் லித்தியம், கைத்தொலைபேசி மின்கலங்களுக்குச் செல்கிறது.

சூகிகமாட்டாவைச் சுற்றி எழுந்த ஊரில் மூன்று தலைமுறையினர் பிறந்து வளர்ந்தனர். புகையும் தூசும் மிகுந்தமையாலும், கழிவுக்கல் மேடுகள் வீடுகளை நெருங்கியமையாலும் ஊரையே காலி செய்வதென்று முடிவாயிற்று. குடும்பங்கள் படிப்படியாகக் கலாமாவுக்கு மாற்றப்பட்டன. 2007-ஆம் ஆண்டில் விடைபெறும் விழா நடந்தது. பலர் பிறந்த மருத்துவமனைக் கட்டடம் இன்று கழிவுக்கல்லின் அடியில் புதைந்து கிடக்கிறது. சதுக்கமும் அரங்கும் சில தெருக்களும் பார்வைக்காக வைக்கப்பட்டிருக்கின்றன.

கணக்கு சொல்லும் செய்தி

2024-ஆம் ஆண்டுக் கணக்கில் மண்டலத்தின் மக்கள் தொகை 6,35,000-ஐக் கடந்தது. ஒன்பது வட்டங்களின் நிலையை 2017-ஆம் ஆண்டுக் கணக்கால் காண்போம். அன்டோபகாஸ்டா 3,61,873, கலாமா 1,65,731, தோகோபில்லா 25,186, மெஹியோனெஸ் 13,467, தல்தால் 13,317, சான் பெத்ரோ தெ அட்டகாமா 10,996, சியர்ரா கோர்தா 10,186, மரியா எலேனா 6,457, பொலிவிய எல்லையிலுள்ள ஒய்யாகுவே 321. முதலிரண்டு வட்டங்களிலேயே நூற்றுக்கு எண்பத்தாறு பேருக்கு மேல் வாழ்கின்றனர். ஏனைய நிலமெல்லாம் ஏறக்குறைய ஆளற்றது.

இவற்றுள் சியர்ரா கோர்தாவின் எண்ணை ஊன்றி நோக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டில் அங்கே 2,400-க்கும் குறைவானவரே இருந்தனர். பதினைந்து ஆண்டில் நான்கு மடங்குக்கு மேல் பெருகியது எப்படி? குழந்தைகள் பிறந்து பெருகியதன்று. கணக்கெடுப்பு நாளுக்கு முந்தைய இரவில் எவர் எங்கே படுத்துறங்கினாரோ அங்கேயே எண்ணப்பட்டார். புதிய சுரங்கங்களின் முகாம்களில் உறங்கிய தொழிலாளரெல்லாம் சியர்ரா கோர்தாவின் மக்களாகக் கணக்கில் ஏறினர். அவர்களுடைய மனைவி மக்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் சாந்தியாகோவிலோ வேறு நகரங்களிலோ இருந்தனர். ஏழு நாள் வேலை, ஏழு நாள் ஓய்வு என்று முறை வைத்து, ஆகாய விமானத்தில் வந்து போவோர் பல்லாயிரவர். மண்டலம் முழுவதிலும் ஆண்கள் 3,15,014, பெண்கள் 2,92,520 என்ற ஏற்றத்தாழ்வுக்கும் இதுவே ஒரு காரணம்.

ஆளுக்கு வரும் உற்பத்தி மதிப்பைக் கொண்டு பார்த்தால் சிலியில் முதலிடம் இம்மண்டலத்துக்கே. ஆனால் அப்பணம் இங்கே தங்குவதில்லை. இலாபம் கம்பெனிகளுக்கும் தலைநகருக்கும் போகிறது. கூலியில் பெரும்பகுதி தொழிலாளியின் குடும்பம் இருக்கும் ஊருக்குப் போகிறது. 2011-ஆம் ஆண்டில் கலாமா நகரத்தார் தாமிர வருவாயில் நூற்றுக்கு ஐந்து பங்கைத் தங்கள் ஊருக்கு ஒதுக்க வேண்டுமென்று கடையடைத்துக் கிளர்ச்சி செய்தனர். தாம் இல்லாவிடில் சிலி என்னாகும் என்பதே அவர்கள் கேள்வி.

2017-ஆம் ஆண்டில் மண்டலத்து மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அயல்நாட்டில் பிறந்தவர். பொலிவியா, கொலம்பியா, பெரு ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரே பெரும்பாலோர். பின்னர் வெனிசுவேலாவிலிருந்தும் திரளாக வந்தனர். ஒரு காலத்தில் தம் நாட்டுக் கொடி பறந்த துறைமுகத்துக்குப் பொலிவியர் இன்று வேலை தேடி வருகிறார்கள் என்பது வரலாற்றின் விந்தை. வாடகை கொடுக்க இயலாதோர் அன்டோபகாஸ்டா நகரின் மலைச்சரிவுகளில் பலகையும் தகரமும் கொண்டு குடிசை கட்டியிருக்கின்றனர். 1991-இல் சேறு இறங்கிய அதே மலையின் சரிவுகள் அவை. புதிதாக வருபவனுக்கு எந்த ஊரிலும் பழையவர்கள் விட்டுவைத்த இடமே கிடைக்கிறது.

நீருக்குக் கொடுத்த விலை

இம்மக்களின் வாழ்க்கை முழுவதும் நீர் என்ற ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. 1872-ஆம் ஆண்டிலேயே லாஸ் சலினாஸ் என்னுமிடத்தில் சார்லஸ் வில்சன் என்ற பொறியியலாளர் கண்ணாடிக் கூரைகளின் கீழ் உவர்நீரை வெயிலால் ஆவியாக்கி, நாளொன்றுக்கு இருபதாயிரம் லிட்டர் அளவுக்கு நன்னீர் எடுத்தார். சுரங்கத்துக் கோவேறு கழுதைகள் குடிப்பதற்காக அமைக்கப்பட்ட அது, சூரிய வெப்பத்தால் நீர் வடித்த முதல் பெரிய நிலையமாகக் கருதப்படுகிறது.

நகரம் பெருகியபோது மலையிலிருந்து குழாய் வழியே நீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. 1958-ஆம் ஆண்டில் தோகோன்சே ஆற்று நீர் அன்டோபகாஸ்டா நகருக்குத் திறந்துவிடப்பட்டது. மக்கள் மகிழ்ந்து குடித்தனர். எரிமலைப் பாறைகளினூடே வந்த அந்நீரில் லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக் நஞ்சு கலந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் இன்று வகுத்துள்ள எல்லை 10 மைக்ரோகிராம். நிறத்திலும் சுவையிலும் வேறுபாடு தெரியாத நஞ்சு அது. குழந்தைகளின் தோலில் புள்ளிகள் தோன்றின. 1970-ஆம் ஆண்டில் சுத்திகரிப்பு நிலையம் அமைந்த பிறகே நீர் சீரடைந்தது. ஆனால் அப்பன்னிரண்டு ஆண்டுகளின் பயன் அதோடு தீரவில்லை. நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் புற்றுநோய் வந்து இறந்தோர் தொகை பல பத்தாண்டுகள் வரை மிகுந்தே இருந்தது என்று மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. வேலை தேடி வந்து ஊர்க் குழாயில் நீர் குடித்ததன்றி அவர்கள் செய்த பிழை ஒன்றுமில்லை. மேற்கு வங்கத்தில் வாழும் நம் அன்பர்கள் இச்செய்தியின் கனத்தை நன்கு உணர்வார்கள். அம்மாநிலத்தின் பல மாவட்டங்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் இதே நஞ்சு கண்டறியப்பட்டிருக்கிறது.

கிராமங்களின் நிலை வேறு. 1981-ஆம் ஆண்டுச் சட்டம் சிலியில் நீருரிமையை நிலத்தினின்று பிரித்து, தனியே விற்கவும் வாங்கவும் கூடிய உடைமை ஆக்கியது. நீர் எங்கே அருமையோ அங்கே பணமுள்ளவர் கைக்கே அது சேரும். லோவா ஆற்றங்கரைச் சிற்றூர்களின் நீரில் பெரும்பங்கு சுரங்கத் தொழிலுக்குப் போயிற்று. 1997-ஆம் ஆண்டிலும் 2000-ஆம் ஆண்டிலும் ஆற்று நீர் இரசாயனப் பொருள்களால் கெட்டு, கில்லாகுவாவின் வயல்கள் வீணாயின. இளைஞர்கள் ஊரைவிட்டு வெளியேறினர்.

இப்போது நகரத்தார் கடலை நோக்கித் திரும்பியிருக்கின்றனர். 2003-ஆம் ஆண்டு முதல் கடல் நீரை நன்னீராக்கும் நிலையம் வேலை செய்கிறது. இன்று அன்டோபகாஸ்டா நகரின் குடிநீரில் பெரும்பகுதி கடலிலிருந்து வருவதே. எஸ்கொந்திதா சுரங்கமும் மலை ஊற்றுகளை உறிஞ்சுவதை விடுத்து, 2020 முதல் கடல் நீரைச் சுத்திகரித்து மூவாயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏற்றிப் பயன்படுத்துகிறது. பிந்தியேனும் வந்த நல்ல மாற்றம் இது. ஆயினும் உப்பளத்தின் அடிநீரை லித்தியத்துக்காக இறைப்பதால் தங்கள் ஓடைகள் வற்றுமோ என்ற லிகனந்தாய் மக்களின் கவலை நீங்கியபாடில்லை.

ஊர் என்பது எது?

கலாமாவிலிருந்து எழுபது கிலோமீட்டர் தொலைவில், மலைப் பள்ளத்தாக்கின் விளிம்பில், ஐகினா என்றொரு ஊர் இருக்கிறது. கல்லால் கட்டிய வீடுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஆண்டில் பெரும்பாலான நாட்களில் அவ்வீடுகள் பூட்டியே கிடக்கும். நிலையாக வாழ்வோர் ஒரு சிலரே. செப்டம்பர் 8 அன்று குவாதலூப்பே அன்னையின் திருவிழா. அதற்குச் சில நாட்கள் முன்பே கலாமாவிலிருந்து குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டு வருவார்கள். பலர் இரவு முழுதும் பாலை வழியே நடந்து வருவார்கள். பூட்டுகள் திறக்கப்படும், அடுப்புகள் புகையும். சுரங்கத் தொழிலாளரும் அவர்தம் மக்களும் வண்ண உடைகளும் பித்தளை வாத்தியங்களுமாக அணி அணியாகக் கோயிலின் முன் ஆடுவார்கள். இவ்வாட்டக் குழுக்களில் தாத்தாவும் பேரனும் ஒரே வரிசையில் ஆடுவது உண்டு. விழா முடிந்ததும் வீடுகள் மறுபடியும் பூட்டப்படும்.

அன்டோபகாஸ்டாவின் கணக்கேடுகளில் இந்த ஊருக்கு எண் மிகச் சிறியது. சியர்ரா கோர்தாவின் முகாமில் ஓரிரவு உறங்கியவன் அவ்வூரின் மகனாக எண்ணப்படுகிறான். ஐகினாவின் வீட்டுச் சாவியை ஆண்டு முழுதும் இடுப்பில் வைத்திருப்பவள் அவ்வூரில் எண்ணப்படுவதில்லை. அரசாங்கத்துக்குக் கணக்கு வேண்டும். எத்தனை பேருக்குக் குழாய் போடுவது, பள்ளி வைப்பது என்பதற்கு அது இன்றியமையாதது. ஆனால் மழையே இல்லாத நிலத்தில், தாது தீர்ந்தால் கலைந்துவிடக்கூடிய மக்களை ஒரு மண்டலத்து மக்களாகச் சேர்த்து வைத்திருப்பது அந்தக் கணக்கு அன்று. தகர மாலையோடு இடுகாட்டுக்கு வருகிறவர்களும், திருவிழாவுக்குப் பூட்டுத் திறக்க வருகிறவர்களும்தாம் அதைச் செய்கிறார்கள்.

அடுத்த மக்கள் தொகைக் கணக்கின்போது நம் வீட்டு வாசலுக்கும் கணக்கெடுப்பாளர் வருவார். நாம் வாழும் ஊரில் நம்மைத் தவறாமல் பதிந்துகொள்வோம். நல்ல நீரும் நல்ல பள்ளியும் கேட்கும் உரிமை அதிலிருந்தே தொடங்குகிறது. சொந்த ஊர் வீட்டின் சாவியையும் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வோம்.